காலிஞ்ச் மிச்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஊசி நூல் சமாச்சாரம். எழுதுவது பி.காம். படிக்கிற ஒரு பையன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் கொஞ்சம் கணக்கு வருகிறது, அப்போது கவனம் சிதறக்கூடாது :)

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் பென்சில் டப்பாவைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பென்சிலோடு சேர்ந்து நான்கு வெள்ளைத் துணிச் சதுரங்களும் கீழே விழுந்தன. பக்கத்தில் இருந்தவன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்றா இது, கைக்குட்டை குட்டி போட்டிருக்குதா?" என்றான். அன்றிலிருந்து எனக்குப் பேர் டெய்லர்.

எனக்கு இதில் ஒரு விஷயம் புரியவே இல்லை. உடுமலை கடைவீதியில் எத்தனை தையல் கடை இருக்கிறது? உள்ளே மெஷின் மிதிப்பவர்களில் பாதிக்கு மேல் மீசை வைத்தவர்கள். திருப்பூர் பஸ்ஸில் தினமும் பனியன் கம்பெனிக்குப் போய் பவர் டேபிளில் உட்காரும் ஆம்பளைகள் எத்தனை பேர்? அவர்களை யாரும் சிரிப்பதில்லை. காசுக்குத் தைத்தால் தொழில், வீட்டுக்குத் தைத்தால் பொம்பளை வேலை. அவ்வளவுதான் வித்தியாசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்கள், இந்தியாவில் முகாமிட்டிருந்தவர்களும் சேர்த்து, சீருடைக் கம்பளித் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போர்வை தைத்திருக்கிறார்கள். கிரிமியா போரில் அடிபட்ட தாமஸ் வாக்கர் என்ற சிப்பாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒட்டுத்துணி தைப்பதை தாமஸ் வுட் என்பவர் 1856-இல் ஓவியமாகவே வரைந்திருக்கிறார். சண்டைக்குப் போனவனே தைத்திருக்கிறான், பி.காம். காரன் தைத்தால் என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தைத்தது அக்காவின் குழந்தைக்கு.

அக்கா மூன்று வருஷம் முன்னால் தானே ஒருத்தரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா வேறு ஆளுங்க. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். 2016 மார்ச்சில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்த கொலையை நாடே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் செய்தி வந்தாலே அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அக்கா போனபோது அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. அவள் பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அக்காவும் மாமாவும் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள். இங்கிருந்து முக்கால் மணி நேர பஸ். அம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவாள். பாதி நாள் காயப்போடத் துணியே இருக்காது, போன் மட்டும்தான்.

அக்காவுக்கு ஏழாம் மாசம் என்று தெரிந்ததும் அமுச்சிதான் ஆரம்பித்தது. (அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அமுச்சி ஒரு துணிமெத்தை தைத்திருக்கிறது. பழைய நூல் சேலைகளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, ஓரம் முழுக்க மடித்து, நடுவில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுவது. போர்த்துவதற்கு இல்லை, கீழே விரிப்பதற்கு. அம்மா அதில் படுத்தாள், அக்கா படுத்தாள், நான் படுத்தேன் (எல்லாவற்றையும் விட அதிகமாக நனைத்தது நான்தானாம். அவ்வ்வ்).

இப்போது அமுச்சிக்கு எண்பது நெருங்குகிறது. கண் ஆபரேஷன் ஆன பிறகும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அப்பா மில்லுக்குப் போன பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து தன்னுடைய அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்து என் மடியில் போட்டது.

"நீ தச்சுக் குடு சாமி. என்ற கண்ணு ஒத்து வர மாட்டீங்குது."

"எனக்கு எங்கீங்க அமுச்சி தைக்கத் தெரியும்?"

"ஊசி புடிக்கத் தெரியுமில்ல. மீதி தானா வரும்."

தானாக வரவில்லை. வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

ஓட்டுத் தையல் மட்டும் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் யூடியூபில் தேடப்போய் 'குயில்ட்' என்ற உலகத்தில் விழுந்துவிட்டேன். மேலே துண்டுகளை இணைத்துச் செய்த துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். அமுச்சி செய்வதும் இதேதான், மேல் துணியில் டிசைன் மட்டும் கிடையாது. எனக்குப் பிடித்தது எட்டு முனை நட்சத்திரம். 'லெமாய்ன் ஸ்டார்' என்று பேர். சாய்சதுரம் எட்டு, அவற்றுக்கு நடுவில் வெள்ளைத் துண்டுகள். பார்க்கக் கோலம் மாதிரி இருந்தது. ஈசி என்று நினைத்துவிட்டேன்.

துணிக்கு முதலில் திருப்பூர் நினைவுதான் வந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குக் கவலை என்று, அங்கே வேலை பார்க்கும் நண்பனிடம் சொல்லி ஒரு பை நிறைய வாங்கினேன். வாங்கின பிறகுதான் புத்தி வந்தது. பனியன் துணி பின்னல் துணி. இழுத்தால் நீளும். வெட்டினால் ஓரம் சுருட்டிக்கொள்ளும். சாய்வாக வெட்டிய துண்டு இரண்டை வைத்துத் தைத்துப் பார்த்தேன், தைத்து முடிப்பதற்குள் ஒன்று மற்றதைவிட அரை இஞ்ச் நீண்டுவிட்டது. இதற்கு நெய்த துணிதான் வேண்டும். அந்தப் பை இப்போது என் சைக்கிள் துடைக்கிறது.

ஆக, சேர்ந்த துணிகள் மூன்று. அமுச்சியின் அரக்குச் சுங்குடி. அக்கா எட்டாவது படிக்கும்போது போட்ட பச்சை காட்டன் பாவாடை, அம்மா எடுத்து வைத்திருந்தது. வெள்ளைக்கு, வீடு துடைக்கப் போட்டிருந்த கட்டிலிருந்து அம்மா உருவிக் கொடுத்த அப்பாவின் பழைய வேட்டி. அப்பாவிடம் கேட்கவில்லை. மூன்றையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, சாயம் விடுகிறதா என்று வெள்ளைத் துணியில் அமுக்கிப் பார்த்து, காயவைத்து, இஸ்திரி போட்டேன்.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு துணி தட்டையாகக் கிடக்க வேண்டுமென்றால் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் கோணங்கள் சேர்ந்து 360 டிகிரி வர வேண்டும். கூடினால் துணி அலை அலையாகத் தொங்கும், குறைந்தால் குடை மாதிரி கூம்பும். சாய்சதுரத்தின் கூர்முனை 45 டிகிரி. எட்டு முனை நடுவில் சேர்ந்தால் 360. சரியாகப் போச்சு. அதே சாய்சதுரத்தின் அகலமான மூலை 135 டிகிரி. இரண்டு சாய்சதுரங்கள் சேர்கிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் விழும் இல்லையா, அங்கே இரண்டு 135 சேர்ந்து 270. மீதி 90. அதாவது ஒரு சதுரத்தின் மூலை கச்சிதமாக உட்கார்கிற இடம். நட்சத்திரத்தைச் சுற்றி இப்படி எட்டுப் பள்ளம். நாலு மூலையில் நாலு சதுரம், நாலு பக்கத்தில் நாலு முக்கோணம்.

அளவு வேண்டுமென்பவர்களுக்கு: 3 இஞ்ச் அகலத்தில் பட்டை வெட்டி, அதையே 45 டிகிரி சாய்வில் 3 இஞ்ச் இடைவெளியில் வெட்டினால் சாய்சதுரம். மூலைச் சதுரம் 4 இஞ்ச். முக்கோணத்துக்கு ஆறே கால் இஞ்ச் சதுரத்தை இரண்டு குறுக்காகவும் வெட்டினால் நாலு கிடைக்கும். இப்படி வெட்டினால் கட்டத்தின் வெளி ஓரம் நேர் நூலோட்டத்தில் வரும், இழுத்துக்கொள்ளாது. சுற்றிலும் காலிஞ்ச் தையலுக்குப் போக, முடிந்த கட்டம் ஏறத்தாழ 12 இஞ்ச் சதுரம். வேட்டியில் வெட்டும்போது மட்டும் மடிப்பு விழுந்து நைந்த இடத்தை ஒதுக்கி, கரைக்குப் பக்கத்திலிருந்து வெட்டினேன். உபயம்: அமுச்சியின் விரல். கண் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்தே, "இது நைஞ்சு போச்சு, இது தாங்கும்" என்று சொல்லிவிடும்.

எட்டுச் சாய்சதுரமும் சேர்த்தாயிற்று. பச்சை, அரக்கு, பச்சை, அரக்கு. நட்சத்திரம் ஜோராக இருந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "டேய், என் பாவாடைடா!" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் ஏழரை ஆரம்பித்தது. பள்ளத்தில் சதுரத்தை வைத்துத் தைக்க வேண்டும். வழக்கமான தையலில் இரண்டு துண்டின் நேரான ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே ஓட்டாக ஓட்டிவிடலாம். இங்கே சதுரத்தின் ஒரு மூலை உள்ளே போய் உட்கார வேண்டும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு வெவ்வேறு துணியோடு சேர வேண்டும். மூன்று தையல் ஒரே புள்ளியில் சந்திக்கும், ஆங்கில எழுத்து ஒய் மாதிரி. நான் ஒரு பக்கம் தைத்து, அப்படியே மூலையில் வளைத்து, மறு பக்கமும் தைத்தேன். திருப்பிப் பார்த்தால் மூலையில் பாம்பு சுருண்ட மாதிரி ஒரு சுருக்கம். பிளேடு வைத்துப் பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி சுருக்கம். மூன்றாவது தடவை துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தேன். சுருக்கம் போய் நட்சத்திரமே கூம்பிவிட்டது. நாலாவது தடவை பிரிக்கும்போது வேட்டித் துணி இழை இழையாக வர ஆரம்பித்தது. மாற்றுத் துணி வேண்டுமென்றால் வேறு வேட்டி அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார்.

அடுத்த நாள் எங்கள் தெருமுனைத் தையல்கடை அண்ணாவிடம் கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"ஓரம் வரைக்கும் எதுக்குங் தம்பி போனீங்க?"

"பின்ன? ஓரம் வரைக்கும் தச்சாத்தானுங்களே கெட்டியா இருக்கும்?"

"கெட்டியா இருக்கும். ஆனா திரும்பாது. துணி திரும்பறதுக்கு எடம் வேணுமில்லீங்களா? காலிஞ்ச்சுக்கு முன்னாடியே நின்னரோணும்."

கையிலிருந்த ஜாக்கெட்டைக் காட்டினார். சதுரக் கழுத்து. கழுத்தின் மூலையில் உள்பக்கத் துணியைத் தையல் வரை, தையல் அறாமல் ஒரே ஒரு இழை மிச்சம் வைத்து வெட்டிவிட்டிருந்தார். அந்த வெட்டு இல்லாவிட்டால் கழுத்து மூலை திரும்பாது, உருண்டு நிற்குமாம். "மூலைன்னு வந்துட்டா எங்கியாவது ஒரு எடத்துல விட்டுக் குடுத்தாத்தான் தம்பி மூலையா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டார், பெரிய தத்துவம் சொன்ன மாதிரி எல்லாம் காட்டிக்கொள்ளவில்லை.

என் தப்பு சதுரத்தில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்கு முன்னாலேயே, சாய்சதுரங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தபோதே துணியின் கடைசி ஓரம் வரை தைத்துவிட்டேன். பள்ளத்தின் அடியில் இருக்கிற காலிஞ்ச் மிச்சத்துணி பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இனி எப்படிப்பட்ட சதுரம் வந்தாலும் அங்கே உட்கார முடியாது. எட்டுத் தையலையும் பிரித்தேன்.

சரியான முறை இதுதான். செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும்:

1. எல்லாத் துண்டுக்கும் பின்பக்கத்தில், ஓரத்திலிருந்து காலிஞ்ச் உள்ளே பென்சிலால் தையல் கோடு போடவும். கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி. மொத்த வேலையும் இந்தப் புள்ளியை நம்பித்தான்.

2. சாய்சதுரங்களைச் சேர்க்கும்போது புள்ளியிலிருந்து புள்ளி வரை மட்டும். இரண்டு முனையிலும் திரும்பக் குத்திக் கெட்டித் தையல் போட்டு நிறுத்தவும். புள்ளியைத் தாண்டி ஒரு குத்துகூட வேண்டாம்.

3. சதுரத்தின் மூலைப் புள்ளியையும் பள்ளத்தின் புள்ளியையும் ஒரே குண்டூசியில் குத்திச் சேர்க்கவும். அந்தப் பக்கத்தின் வெளிமுனையில் இன்னொரு குண்டூசி.

4. பள்ளத்திலிருந்து வெளியே பார்த்துத் தைக்கவும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் சாய்வாக வெட்டிய ஓரம் நீண்டுகொண்டே வந்து, மிச்சமெல்லாம் மூலையில் குவியும்.

5. ஒரு பக்கம் முடிந்ததும் நூலை முடிந்து அறுத்துவிடவும். வளைத்து ஒரே ஓட்டாகப் போக வேண்டாம். நட்சத்திரத்தை மடித்து, அடுத்த சாய்சதுரத்தின் ஓரமும் சதுரத்தின் மறுபக்கமும் நேராக வருமாறு வைத்து, மறுபடி அதே புள்ளியிலிருந்து வெளியே. மூன்று துணியின் மிச்சமும் ஒன்றின் தையலில் இன்னொன்று மாட்டக்கூடாது.

மெஷினிலும் செய்யலாம், புள்ளியில் ஊசியை இறக்கி நிறுத்திவிட்டுத் துணியைத் திருப்புகிறார்கள். எனக்குக் கைத்தையல்தான் எளிதாக இருந்தது. புள்ளி வந்தால் கை தானாக நின்றுவிடும், மெஷின் ஒரு குத்து கூடப் போட்டுவிடும்.

தையல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சற்று உள்ளே போயிருந்தால் நட்சத்திரம் சின்னதாகிச் சதுரம் துருத்தும். தையல் கோணலாகப் போயிருந்தால் நடுவில் கூம்பும். இரண்டையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன், ஹிஹி.

ஐந்தாவது தடவை சதுரம் உட்கார்ந்தது. இழுக்கவில்லை, அமுக்கவில்லை. விரித்து மேசையில் போட்டால் அப்படியே படுத்துக்கொண்டது. ராத்திரி பதினொன்றரை மணி. கத்தலாம் போல இருந்தது, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பாடத்தில் மார்ஜின் என்றால் லாபம். தையல்காரர்கள் பாஷையில் மார்ஜின் என்றால் வெளியே தெரியாமல் உள்ளே மடங்கிக் கிடக்கிற துணி. "உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க, பின்னால பிரிச்சுக்கலாம்" என்று ஜாக்கெட் கொடுக்கும்போது எல்லா அம்மாக்களும் சொல்வார்களே, அதுதான். கணக்கில் பார்த்தால் அது வீண். ஒரு கட்டத்துக்கு 16 துண்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் காலிஞ்ச், கால் பங்குக்கு மேல் துணி உள்ளேதான் போகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதை நார்மல் லாஸ் என்று எழுதியிருப்பேன். அந்த லாஸ் இல்லையென்றால் இரண்டு துணி சேரவே சேராது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. நேரக் கணக்கும் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு எனக்கு ஏழு மணி நேரம். அதில் நட்சத்திரத்துக்கு இரண்டு, எட்டுப் பள்ளத்துக்கு ஐந்து. மில் கூலி போட்டால்கூட இதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

இந்தப் பள்ளத் தொல்லைக்குக் குறுக்குவழிகள் உண்டு. சாய்சதுரத்தையும் சதுரத்தையும் பாதியாக வெட்டி, எல்லாவற்றையும் முக்கோணமாக்கி நேர்த்தையலிலேயே முடித்துவிடலாம். நட்சத்திரம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் ஒரு கூடுதல் தையல் ஓடும். இன்னொரு வழி, துண்டுகளை அடித்துணியின் மேல் வைத்துத் தைத்துவிடுவது. நம் கோயில் தேர்களில் தொங்குகிற தொம்பையும் தேர்ச்சீலையும் அப்படித்தான். எங்கள் ஊர் மாரியம்மன் தேரில் யாளியும் பூவும் காற்றில் ஆடுமே, எல்லாம் மேலே வைத்துத் தைத்தது. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்கள் தைக்கிற 'கவந்தி' போர்வையும் அதே வகை. பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாக மேலே வைத்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் மூலைகளில் மடித்த துணியில் முக்கோணப் பூ வைக்காவிட்டால் போர்வை நிர்வாணமாக இருப்பதாக அர்த்தமாம். அழகான வேலை. அவற்றில் துண்டுக்கு அடியில் தாங்க ஒரு துணி இருக்கிறது. நான் செய்ததில் அடியில் எதுவும் இல்லை, பக்கத்தில் இருக்கிற துணிதான் தாங்க வேண்டும்.

முதல் கட்டம் முடிந்ததும் அமுச்சியிடம் கொடுத்தேன். அமுச்சி நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. நடுப்புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தது.

"இங்க கல்லாட்ட இருக்குதே சாமி. கொழந்தை முதுகுல உறுத்துமே."

எட்டு முனை சேர்கிற இடம். ஒவ்வொரு தையலிலும் இரண்டு மிச்சம், மொத்தம் பதினாறு அடுக்குத் துணி ஒரே இடத்தில். எல்லாத் தையலும் புள்ளியோடு நின்றிருந்ததால் இதற்கும் வழி இருந்தது. பின்பக்கத்தில் எல்லா மிச்சத்தையும் ஒரே திசையில், கடிகார முள் போகிற பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டேன். நடுவில் காற்றாடி மாதிரி விரிந்து படுத்துவிட்டது. மறுபடி கொடுத்தேன். தேய்த்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றது. இதுவரை நான் வாங்கிய மார்க்கில் இதுதான் பெரிய மார்க்.

இப்படி நாலு கட்டம். 32 பள்ளம். நாலையும் சேர்த்துச் சுற்றிலும் ஆறு இஞ்ச் சுங்குடிப் பட்டை வைத்தால் 36 இஞ்ச் சதுரம். நடுவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய நூல் சேலை இரண்டு மடிப்பு, கீழே இன்னொரு சேலை. துவைத்தால் சீக்கிரம் காய வேண்டும் என்பது அமுச்சி போட்ட கண்டிஷன்.

கடைசிக் கட்டத்தைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அப்பா ஷிப்ட் முடிந்து சீக்கிரமே வந்துவிட்டார். எல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடக்கிறது. மறைக்க நேரமில்லை. அமுச்சி மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் கிடையாது, எழுந்து உள்ளே போய்விட்டது. அம்மா சமையலறையில் சத்தமே இல்லாமல் நின்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்து ஒரு கட்டத்தை எடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. பச்சைத் துணியைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். முப்பது வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் நூலைத் தொட்டே நம்பர் சொல்கிற விரல். பிறகு திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். என் கட்டத்தைப் பார்த்த எல்லாருமே உள்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எதுல தைக்கறே?"

நூல்கண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சாண் உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"முறுக்குப் பத்தாது. நாலு தொவைப்புக்கு நிக்காது."

அவ்வளவுதான். கை கால் கழுவப் போய்விட்டார். மறுநாள் காலையில் என் மேசைமேல் புதுசாக ஒரு வெள்ளை நூல்கண்டு இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. மூன்றடுக்கையும் சேர்த்துப் போட்ட ஓட்டுத் தையல் முழுக்க அந்த நூலில்தான்.

போன மாசம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அமுச்சியும் நானும் பொள்ளாச்சி பஸ்ஸில் போனோம். மஞ்சப்பையில் மடித்து வைத்த துணிமெத்தையை அமுச்சி போகிற வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தது. அக்கா விரித்துப் பார்த்துவிட்டுப் பச்சையைத் தொட்டாள், பிறகு வெள்ளையைத் தொட்டு என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். மூன்றாவது கட்டத்தில் ஒரு பள்ளத்தில் சின்னச் சுருக்கம் இருக்கிறது. அதையும் காட்டிவிட்டேன். மாமா எங்கே என்று தேடினார், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

குழந்தை அதில் படுத்திருக்கிற போட்டோ அம்மா போனில் இருக்கிறது. நாலு நாள் முன்னால் அந்த போன் சாப்பாட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்:

"தொவச்சாங்களாமா? சாயம் போச்சான்னு கேளு."

அப்போதே கேட்டேன். போகவில்லையாம். அப்பாவிடம் சொன்னேன்.

"நூலு?" என்றார்.

நிற்கிறதாம்.